வாசலில் ஒரு குரல், வீட்டுக்குள் ஒரு குரல்



கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்ததும் மார்கழி வந்துவிடும். இந்த மார்கழியில் நம் சேர்ந்திசைக் குழு முதலில் எடுத்துக்கொண்டிருப்பது திருவெம்பாவை. 20 பாட்டையும் விடியற்காலையில் மாட வீதிகளில் பாடிக்கொண்டு போகப் போகிறோம்.

இதில் நமக்குத் தனி உரிமை உண்டு. மாணிக்கவாசகர் இதைப் பாடியது நம் திருவண்ணாமலையில்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. கிரிவலப் பாதையில், ஆதி அண்ணாமலையில், அவருக்குத் தனிக்கோயிலே இருக்கிறது. பதினெட்டாம் பாட்டில் அண்ணாமலையான் பெயரைச் சொல்லியே பாடுகிறார்.

திருவெம்பாவை ஒரு தனி ஆள் பாடுகிற பாட்டா? முதல் சில பாடல்களைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். தெருவில் நிற்கும் பெண்கள் எழுப்புகிறார்கள். உள்ளே படுத்திருப்பவள் படுத்தபடியே பதில் சொல்கிறாள். நான்காம் பாட்டில், எல்லாரும் வந்தாயிற்றா என்று அவள் கேட்கிறாள். வெளியே நிற்பவர்கள் விடுவார்களா? நாங்கள் எண்ணிச் சொல்லும்வரை தூங்கிப் பொழுதை வீணாக்காதே, நீயே எழுந்து வந்து எண்ணிக்கொள், ஆள் குறைந்தால் திரும்பிப் போய்த் தூங்கு என்கிறார்கள்! ஒரே பாட்டுக்குள் இரண்டு கட்சி. இதை ஒலிபெருக்கியில் ஒரே குரலாகக் கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வியும் பதிலும் நம் காதில் விழாமலே போய்விட்டன. எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

கூடிப் பாடுவது இந்த ஊரின் பழக்கம். இந்த மலையிலுள்ள விருபாட்ச குகையில் இருந்த நாளில், பிச்சைக்குப் போகும் அடியார்கள் தெருவில் பாடிக்கொண்டு போகத்தான் ரமண மகரிஷி அட்சரமணமாலையை எழுதினார். 108 கண்ணிகள். 1950 ஏப்ரல் 14 இரவு அவர் உயிர் பிரியும் நேரத்தில், அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் அமர்ந்து அடியார்கள் பாடியதும் அதையேதான். அதைக் கேட்டு அவர் கண்ணோரத்தில் நீர் கசிந்தது என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அழுது அடைத்த தொண்டையும் பத்துப் பேரோடு சேர்ந்தால் பாடிவிடும்.

கூடிப் பாடுவதிலும் ஒரு கலை இருக்கிறது. இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் ‘மெட்ராஸ் யூத் கொயர்’ என்ற குழுவை வைத்து அதைக் காட்டிப் போனார். மேல்குரல், கீழ்க்குரல் என்று பிரித்து, ஒரே நேரத்தில் வேறு வேறு இழைகளைப் பாடவைத்தார். பாரதி பாட்டு அப்படி ஒலிக்கக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதற்கு என்ன கனம் வருகிறதென்று.

ஓதுவார்கள் காத்துத் தந்த பண்ணில் நாங்கள் கை வைக்கப் போவதில்லை. குரலை மட்டும் பிரிக்கிறோம். எழுப்புகிறவர்கள் வீதியில் நடப்பார்கள். பதில் சொல்கிறவர்கள், உள்ளபடியே, வீட்டுக்குள் இருப்பார்கள். மைக் கிடையாது.

அதற்கு மாட வீதிகளில் வீடு வேண்டும். விடியற்காலை கதவைத் திறந்து வைக்கச் சம்மதிக்கிற வீட்டுக்காரர்கள் வேண்டும். பதில் சொல்லும் குரல் அந்தந்த வீட்டுப் பெண்பிள்ளையுடையதாகவே இருந்தால் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. சங்கீதம் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்களே சொல்லித் தருகிறோம். நோட்டும் பேனாவும் மேடைக்குக் கீழே வலப்பக்கம் இருக்கின்றன. தெருப்பெயரோடு எழுதிவிட்டுப் போங்கள்.