உழைப்பின் ஊதியமும் சட்டத்தின் துணையும்

சித்தூரிலும் திருப்பதியிலும் கணக்கெழுதுவோர், வரைபடம் தயாரிப்போர், மொழிபெயர்ப்போர், கணினி நிரல் எழுதுவோர் எனத் தனித்து ஒப்பந்தப் பணி செய்வோர் உளர். பணி முடிந்த பின்னும் பணம் வராதபோது, வேலை தந்தவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால், அங்கு சென்று வழக்காடும் செலவுக்கு அஞ்சிப் பலர் நிலுவையைக் கைவிடுகின்றனர். ஆனால் அவர்களைச் சட்டம் கைவிட்டுவிடவில்லை.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன வளர்ச்சிச் சட்டம் சேவை புரிவோருக்கும் பொருந்தும். தனிநபரும் 'உத்யம்' பதிவு பெறலாம். ஒப்பந்தத்தில் தவணை குறித்திருந்தாலும் அது 45 நாட்களுக்கு மேற்படலாகாது. குறிக்கப்படாவிடில் 15 நாட்களே. தவறினால், வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டப்பெறும். வங்கி வீதம் 6 சதவீதமெனில் வட்டி 18 சதவீதமாகும்.

தகராறை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தின் அதிகாரம், பணி செய்தவர் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. எனவே திருப்பதியில் உள்ளவர் ஆந்திரப் பிரதேச மன்றத்தையே நாடலாம். வேலை தந்தவர் இந்தியாவில் எங்கிருப்பினும் தடையில்லை. மன்றத்தின் தீர்ப்பை எதிர்க்க விரும்பும் வேலை தந்தவர், முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். முடிவுக்குச் சட்டம் 90 நாள் கெடு விதித்துள்ளது. நடைமுறையில் அது கடந்துவிடுவதும் உண்டு.

ஒப்பந்தத்திற்குப் பின் பதிவு செய்தவருக்கு முந்தைய பணிக்கு இப்பயன் இல்லையென உச்சநீதிமன்றம் 2021, 2022ஆம் ஆண்டுகளில் கூறியது. 2025இல் இவ்வினா பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. ஆகவே பணிக்கு முன்பே பதிவு செய்வதே பாதுகாப்பானது. கட்டட வேலை ஒப்பந்தங்களுக்கு இச்சட்டம் பொருந்துமா என்பதில் உயர்நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

பதிவில்லாதோருக்கு உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. பணத்திற்குத் தவணை குறிக்கப்படாத பணியாயின், அது முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். கடனை ஒப்புக்கொண்டு, அக்காலத்திற்குள் எதிர்த்தரப்பார் கையொப்பமிட்ட கடிதம் இருப்பின், காலவரம்பு புதிதாகத் தொடங்கும். தொகை திட்டமாகக் குறித்த எழுத்து ஒப்பந்தம் இருப்பின், சுருக்க முறை வழக்கும் இயலும். அதில் எதிர்வாதத்திற்கே நீதிமன்ற அனுமதி தேவை. இரு தரப்பும் இசைந்தால், சித்தூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் வழியே மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமின்றித் தீர்வு காணலாம். அத்தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை.

இவ்வழிகள் யாவற்றிலும் வழக்கின் வலிமை, பணி தொடங்கும் நாளிலேயே அமைகின்றது. எழுத்தில் பணியாணை, ஒப்படைத்த தேதி, பட்டியல், நினைவூட்டல் ஆகியவற்றைப் பேணும் பழக்கத்தை மாணவர்கள் இன்றே கொள்ள வேண்டும். அரசுத் துறைகளும் சட்டத்தின் பார்வையில் வேலை பெறுவோரே என்பதை அலுவலர்கள் மறத்தல் ஆகாது. மேசையில் தேங்கும் ஒரு பட்டியல், எங்கோ ஒரு குடும்பத்தின் மாத வருவாயாகும்.