அடுக்குக் கடதாசியில் பழைய நகரம்

கொழும்புக் கோட்டையிலே, சதாம் வீதியும், முன்னாளில் இராணி வீதி எனப்பட்ட ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கும் இடத்தில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கின்றது. 1857 இல் எழுப்பப்பட்ட அக்கோபுரத்தின் அமைப்பை வகுத்தவர், அக்காலத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்டின் மனைவியாரான எமிலி எலிசபெத் வார்ட் அம்மையார். 1867 இல் அதன் உச்சியிலே விளக்கு ஏற்றப்பட்டது. அன்று தொடக்கம் மணிக்கூட்டுக் கோபுரமே வெளிச்சவீடாகவும் பணி செய்தது. 1952 இல் அவ்விளக்கு ஓய்வு பெற்றது. கோபுரத்தில் யாதொரு குறையும் இல்லை. அதனைச் சூழ எழுந்த உயர்ந்த கட்டடங்கள் ஒளியைக் கடலுக்குக் காட்டாது மறைத்துவிட்டன. ஆதலால் கடற்கரையோரத்திலே புதிய வெளிச்சவீடு ஒன்று வேண்டியதாயிற்று.

எது முன்னே நிற்கின்றது, எது பின்னே நிற்கின்றது என்பது ஒரு நகரத்தின் வாழ்விலே எத்துணைப் பெரிய செய்தி என்பதற்கு இக்கோபுரமே சான்று. ஆயினும், பழைய புகைப்படத்திலே இவ்வேறுபாடு மங்கிவிடுகின்றது. அண்மையில் நின்ற ரிக்‌ஷாவும், தொலைவில் நின்ற கோபுரமும், அதற்கும் அப்பாலுள்ள வானமும் ஒரே கடதாசியில், ஒரே மட்டத்தில் படிந்து கிடக்கின்றன. இவ்வாறு இழந்துபோன தூரத்தை மீட்டுத் தருவதே அடுக்குக் கடதாசிச் சித்திரம் என்னும் கைவினையின் நோக்கம்.

இக்கைவினை நெடுங்காலமாக மேனாடுகளில் வழங்கி வருவது. 18ஆம் நூற்றாண்டிலே, ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரத்தில் வாழ்ந்த மார்ட்டின் எங்கல்பிரெக்ட் என்பவர், அச்சிட்ட படங்களை வெட்டிப் பெட்டியினுள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் சிறிய காட்சியரங்குகளை வெளியிட்டார். 1843 இல் இலண்டனிலே தேம்ஸ் நதியின் கீழ்ச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபோது, துளை வழியே பார்க்கும் மடிப்புக் கடதாசிக் காட்சிகள் நினைவுப் பொருள்களாக விற்பனையாயின. அவை யாவும் ஓவியர் வரைந்தவை. ஓவியர் தம் விருப்பம்போல் கூட்டவும் குறைக்கவும் செய்தனர். புகைப்படத்தைக் கொண்டு வேலை செய்பவருக்கு அவ்வுரிமை இல்லை.

ஸ்கீன் நிறுவனத்தாரும், 1890 இல் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனத்தாரும் எடுத்த கொழும்புக் காட்சிகள் இவ்வேலைக்கு மிக ஏற்றவை. பெரிய கண்ணாடித் தகடுகளிலே பதிக்கப்பட்ட அக்காலப் படங்கள், பெருப்பித்தாலும் தெளிவு குன்றுவதில்லை. ஆனால், மூலப்படத்தின்மீது கத்தி படலாகாது என்பது முதல் விதி. பிரதி எடுத்த பின்னர் மூலப்படம் தன் இடத்துக்கே திரும்ப வேண்டும்.

பளபளப்பில்லாத தடித்த கடதாசியிலே, ஒரே அளவில் ஐந்து பிரதிகள் போதும். முதற் பிரதியை முழுமையாக மட்டையில் ஒட்டுதல் வேண்டும், அதுவே வானம். இரண்டாவது பிரதியில் வானத்தை வெட்டி நீக்கினால், தொலைவிலுள்ள கட்டடங்கள் எஞ்சும். மூன்றாவதில் கோபுரம்; நான்காவதில் இருமருங்கிலும் உள்ள அண்மைக் கட்டடங்கள்; ஐந்தாவதில் வண்டிகளும் மனிதரும். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே மூன்று மில்லிமீற்றர் உயரமுள்ள ரெஜிபோம் துண்டுகளை மறைவாக ஒட்டி இடைவெளி உண்டாக்க வேண்டும். வெட்டிய ஓரங்களின் வெண்மை வெளியே தெரியாதவாறு அவற்றைக் கபில நிறப் பென்சிலால் தடவுவது நலம். இறுதியில் ஆழமான கண்ணாடிச் சட்டத்தினுள் வைத்தால், பக்கவாட்டிலே நகர்ந்து பார்க்கும்போது வீதி திறந்து வழிவிடுவதுபோலத் தோன்றும்.

கைத்திறன் சில நாட்களில் படிந்துவிடும். கண்ணின் பயிற்சியே அரியது. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் நோக்கி, “இது எங்கே நின்றது?” என்று வினவ வேண்டியிருக்கின்றது. நிழல் எப்பக்கம் விழுகின்றது என்று கண்டறிந்து, சட்டத்தின்மீது விளக்கொளி விழும் திசையையும் அதற்கிணங்க அமைத்தல் வேண்டும். இல்லையேல் கடதாசியின் நிழலும் படத்தின் நிழலும் ஒன்றோடொன்று பிணங்கும். நடந்து சென்ற மனிதர் சிலர் பழைய படங்களிலே புகைபோலக் கலைந்து தோன்றுவர். அவர்களுக்குக் கூரிய ஓரம் கொடுத்து வெட்டுவது பொய்யாகும். வீதியோடு சேர்த்தே அவர்களை விட்டுவிடுதல் முறை.

இதனினும் கடினமான சோதனை ஒன்று உண்டு. முன்னுள்ள பொருள் மறைத்த இடத்திலே என்ன இருந்தது என்பது படத்தில் இல்லை. அங்கே அழகான யன்னல் ஒன்றை வரைந்து நிரப்பக் கை துடிக்கும். கொழும்புக் கோபுரத்தைப் பொறுத்தவரை அது சிறு குற்றமே. ஐயம் உள்ளவர் நேரிற் சென்று பார்த்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணக் கோட்டையினுள் ஒல்லாந்தர் 1706 இல் கட்டிய தேவாலயத்தின் நிலை அத்தகையதன்று. சிலுவை வடிவில் அமைந்த அக்கட்டடம் உள்நாட்டுப் போரிலே அழிந்தது. அதன் உருவத்தைக் காண விரும்பும் இளையோர் பழைய படங்களையும் வரைபடங்களையுமே நாட வேண்டும். அத்தகைய படத்தை அடுக்குச் சித்திரமாக்குபவர் கற்பனையாக ஒரு தூணைச் சேர்த்தாராயின், பார்ப்பவர் அதனையும் உண்மையென்றே கொள்வர். தெரியாத இடத்தை வெறுங் கடதாசியாக விடுவதே நேர்மை. அவ்வெறுமையும் ஒரு செய்தியைச் சொல்லும்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்கே மீண்டு வருவோமாயின், அதே சந்தியின் 19ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்றையும் இக்காலப் படம் ஒன்றையும் அடுக்குச் சித்திரங்களாக்கி அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்றிலே கோபுரம் வானத்தை மட்டுமே பின்னணியாகக் கொண்டு தனித்து ஓங்கும். மற்றையதிலே உயர்ந்த சுவர்களின் நடுவே அது அடங்கி நிற்கும். விளக்கு ஓய்ந்த காரணத்தை எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை. சில மில்லிமீற்றர் தூரமே அதனைச் சொல்லிவிடும். வீட்டுப் பெட்டிகளிலே தம் ஊர்த் தெருவின் பழைய படம் ஒன்றை வைத்திருக்கும் நேயர்கள், அதனைப் பிரதி செய்து, முன்னே நின்றது எது, பின்னே நின்றது எது என்று முதியோரிடம் கேட்டறிவாராக. அவ்வினாவுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.