ஒரு நிமிடத்தில் ஒரு விஷயம்

(மலையகத்திலிருந்து வந்து திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் குடியேறிய குடும்பங்களின் இளைஞர், யுவதிகளுக்காக நடந்த சுகாதாரப் பயிற்சி வகுப்பில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாம் பேசப் போவது கைத்தொலைபேசியில் எடுக்கும் சின்னச் சின்ன வீடியோக்களைப் பற்றி. போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஏசுவதற்காக உங்களைக் கூப்பிடவில்லை. உங்கள் கையில் இருக்கிற அந்தச் சாமானை வைத்து ஓர் உயிரையாவது காப்பாற்ற முடியுமா என்று யோசிப்பதற்காகக் கூப்பிட்டோம்.

2017ஆம் ஆண்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் இலங்கை முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். இறந்தவர்கள் 300 பேருக்கும் மேல். வருடத் தொடக்கத்திலேயே கிண்ணியாவில் காய்ச்சல் பரவி, பள்ளிக்கூடங்களை மூட வேண்டிய நிலை வந்தது.

டெங்கு பற்றி டொக்டர்மாருக்குத் தெரியாமலா போனது? நன்றாகத் தெரியும். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது நம் வீட்டுப் பாட்டிக்கும் தெரிய வேண்டுமே! நோட்டீஸில் "நுளம்பு பெருகும் இடங்களை ஒழிப்போம்" என்று இருக்கும். வாசிக்கத் தெரிந்தவர் வாசிப்பார். வாசித்தாலும், எந்த இடம், என்ன செய்வது என்று விளங்காது. வாசிக்கத் தெரியாதவருக்கு அதுவும் இல்லை.

ஒரு உதாரணம். டெங்கு நுளம்பு தண்ணீருக்குள் மட்டும் முட்டை இடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். வாளித் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். உண்மையில் அது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாது. அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறியதும் பொரித்துவிடும். ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் நுளம்பாகப் பறக்கும். அதனால்தான் வாரத்துக்கு ஒரு தடவை உட்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள்.

இதை எழுதினால் ஒரு பக்கம் வரும். வீடியோவில் ஒரு நிமிடம் போதும். ஒரு வாளி, ஒரு பொச்சுமட்டை, ஒரு அம்மாவின் கை. "இந்தக் கோட்டுக்கு மேலதான் முட்டை இருக்கு, இங்கன தேயுங்க" என்று விரலால் காட்டினால் யாருக்கும் விளங்கும். இங்கே கரையோரத்தில் எடுப்பதென்றால் கவிழ்க்காமல் விட்ட படகையும், பழைய டயரையும் காட்டுங்கள். மழைத் தண்ணீர் தேங்குவது அங்கேதான். மேலே தோட்டத்துக்கு அனுப்புவதென்றால் லயத்துப் பின்புறத்துப் பீப்பாயைக் காட்டுங்கள். பார்க்கிறவர் தன் வீட்டைப் பார்த்ததாக நினைக்க வேண்டும்.

இன்னும் கஷ்டமான விஷயம் ஒன்று இருக்கிறது. டெங்குவில் மிக ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும் நேரம் அல்ல, அது இறங்கும் நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். உடம்பு குளிர்ந்ததும், "புள்ளைக்குக் காய்ச்ச விட்டிருச்சு" என்று அம்மா கொழுந்தெடுக்கப் போய்விடுவார். பிள்ளை தனியாகக் கிடக்கும்.

டொக்டர் இதைப் "பிளாஸ்மா கசிவு" என்பார். நாம் எப்படிச் சொல்வது? இரத்தத்தில் தண்ணீர் மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. கடுமையான டெங்குவில் அது குழாய்க்குள்ளிருந்து கசிந்து வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் போகும். அடுப்பில் தேத்தண்ணி வற்ற வற்றச் சாயம் கடுப்பாகிறதல்லவா? அந்த மாதிரி மிஞ்சிய இரத்தம் கெட்டியாகும். தேயிலையோடு வாழ்ந்த நம் சனங்களுக்கு இது உடனே பிடிபடும்.

ஆனால் உவமை எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "அப்ப நெறைய தண்ணிய ஊத்துனா சரியாயிருமா?" என்று கேட்பார்கள். சரியாகாது. நீர் அளவு மிஞ்சினாலும் ஆபத்து. அதனால்தான் ஆஸ்பத்திரியில் அளந்து அளந்து கொடுக்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் பாதி அறிவு, முழு ஆபத்து.

ஆகவே அந்த வீடியோ முடிகிற இடத்தில் செய்ய வேண்டியது தெளிவாக வரட்டும். காய்ச்சல் மூன்றாம் நாளிலாவது டொக்டரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பெரசிட்டமோல் மட்டும், சொன்ன அளவில் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்லோபெனாக் கொடுக்க வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் இரத்தம், குளிர்ந்த கைகால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, இதில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

இந்த வழி புதிதல்ல. 1990களின் இறுதியில் கொத்மலை சமூக வானொலியில், கேட்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இணையத்தில் பதில் தேடி, துறை தெரிந்தவர்களை ஒலிபரப்புக் கூடத்துக்கு அழைத்து, ஊர்ப் பேச்சில் விளக்கினார்கள். இந்தியாவில் 2006இல் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் திட்டத்தில், விவசாயிகளே நடித்த வீடியோக்களை விவசாயிகளுக்குக் காட்டினார்கள். தன்னைப் போல ஒருவர் செய்வதைப் பார்த்தால் "என்னாலும் முடியும்" என்ற எண்ணம் வருகிறது.

கெட்டதும் இதே வழியால்தான் வருகிறது. 2020 டிசம்பரில், கொரோனாவுக்கு மருந்து என்று சொன்ன ஒரு பாணியை வாங்க, கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் கூட்டமாகக் கூடினார்களே! பொய் எப்போதும் இலகுவான பேச்சில்தான் வரும். உண்மை மட்டும் புத்தகத் தமிழில் நின்றால் பொய்தான் ஜெயிக்கும்.

கடைசியாகச் சில முறைகள். ஒரு வீடியோவில் ஒரு விஷயம் மட்டும். பாட்டு, சத்தம் குறைவாக இருக்கட்டும். தெரியாததைச் சேர்க்க வேண்டாம். அனுப்புமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ காட்டுங்கள். எடுத்த திகதியைச் சொல்லுங்கள். நோயாளியின் முகத்தைக் காட்டவே கூடாது. பிறகு, எழுத்து வாசனை இல்லாத ஒரு பாட்டியிடம் போட்டுக் காட்டி, "என்ன விளங்குச்சு, சொல்லுங்க அம்மாயி" என்று கேளுங்கள். அவர் சரியாகத் திருப்பிச் சொன்னால் உங்கள் வீடியோ பாஸ். சொல்லவில்லை என்றால் பாட்டியில் பிழை இல்லை, வீடியோவைத்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

மழைக்காலம் இங்கே ஒக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் ஆளுக்கு ஒரு வீடியோ எடுத்து, மேலே தோட்டங்களில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காய்ச்சல் இறங்கிய அன்றைக்கு ஓர் அம்மா வேலைக்குப் போகாமல் பிள்ளை பக்கத்தில் இருந்தால், நாம் இன்றைக்குப் பேசியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.