"வேணாம்"னா, என்ன வேணாம்னு கேளுங்க



எங்க குழு செய்த மல்லாட்டை உருண்டையை விற்க விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கடை கடையா ஏறினோம். முதல் நாள் ஒருத்தரும் வாங்கலை. பஸ் காசும் போச்சு, தவணை நாளும் நெருங்குது.

அப்புறம்தான் புரிஞ்சது, "வேணாம்"கிறதுக்குள்ள ஒரு பயம் இருக்குன்னு. "விலை ஜாஸ்தி"ன்னவரிடம் விலையைக் குறைக்கலை. எடை போட்டுக் காட்டினோம். "லைசென்ஸ் இருக்கா?"ன்னப்போ பதில் இல்லை. வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டி, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் ஒட்டினோம். "விக்கலைன்னா?"ன்னவரிடம், "பத்து பாக்கெட் வைங்கண்ணா, மீந்ததை நாங்களே எடுத்துக்கறோம்" என்றோம். "அப்புறம் பார்க்கலாம்"னா, எந்தக் கிழமைன்னு கேட்டு, அதே கிழமை போய் நின்றோம்.

இப்பவும் சிலர் வேணாம்னுதான் சொல்றாங்க. ஆனா காரணம் கேக்காம நாங்க படி இறங்கறதில்லை.