பந்தயக் காரும் பிறேக் தட்டும்

1953ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெற்ற இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில், டோனி றோல்ட், டங்கன் ஹமில்டன் என்னும் இருவர் மாறி மாறி ஓட்டிய ஜாகுவார் கார் முதலிடம் பெற்றது. எஞ்சின் வலு மாத்திரம் அதற்குக் காரணமன்று. சில்லோடு சுழலும் தட்டை இருபுறமும் பட்டைகள் கவ்விப் பிடிக்கும் 'டிஸ்க் பிறேக்' அக்காரிற் பொருத்தப்பட்டிருந்தது. ஆகவே, வளைவை நெருங்கும்போது ஏனையோரினும் சற்றுத் தாமதித்தே அதன் சாரதிகள் பிறேக்கை மிதிக்க முடிந்தது.

அத்தட்டின் வேலை யாது? காரின் இயக்க சக்தியை வெப்பமாக்கி, அவ்வெப்பத்தைத் தாங்கி, பின்னர் காற்றிற் கலக்க விடுவதே. வேகம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 1,500 கிலோகிராம் எடையுள்ள கார், மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்பதாற் பிறக்கும் வெப்பம், ஏறக்குறைய ஏழு லீற்றர் குளிர்நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பந்தயத் தடத்திலோ வளைவுக்கு வளைவு தட்டுச் சூடேறுகிறது.

இன்று விளையாட்டுக் கார் வைத்திருப்போரின் கண்ணை முதலிற் கவர்வது துளையிட்ட தட்டு. அத்துளைகளுக்கு ஒரு காலத்தில் தக்க காரணம் இருந்தது. பழைய பட்டைகளிற் கலந்திருந்த பிசின், கடுஞ்சூட்டில் வாயுவைக் கக்கும்; அவ்வாயு வெளியேறத் துளைகள் வழிவிட்டன. இக்காலப் பட்டைகள் அவ்வளவு வாயுவைக் கக்குவதில்லை. மழையில் நீரை அகற்றவும் எடையைக் குறைக்கவும் துளைகள் உதவும் என்பது மெய்யே. ஆனால் எடை குறைந்தால் வெப்பத்தைத் தாங்கும் இரும்பும் குறைகிறதன்றோ? அன்றியும், மீண்டும் மீண்டும் சூடேறி ஆறும் தட்டில், துளைகளின் ஓரத்திலேதான் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. போர்ஷே நிறுவனம் துளையிட்ட தட்டுகளைப் பொருத்துகிறதே என்பர். அவை துளைகளையும் கணக்கிட்டே வடிவமைக்கப்பட்டவை. வெறுந்தட்டை வாங்கிப் பட்டறையிலே துளைத்துக்கொள்வது வேறு. அது ஆபத்தான வேலை.

வரிப்பள்ளம் வெட்டிய தட்டு பட்டையின் முகத்தைச் சுரண்டி, அதிற் படியும் வழுவழுப்பையும் தூசியையும் நீக்கும். வெடிப்பும் அரிது. பட்டை விரைவில் தேயும். சிறிது இரைச்சலும் எழும். அடிக்கடி பந்தயத் தடத்துக்குச் செல்வோர் அவ்விரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஏனையோருக்கு வெறுந்தட்டே போதும். விலை குறைவு, இரும்பு நிறைவு. இரு முகங்களுக்கும் இடையே காற்று வழிகள் அமைந்த தட்டாயின் மேலும் நன்று. குளிர்ச்சி தருவதில் மேற்பரப்புத் துளைகளினும் அவையே சிறந்தவை. சில்லுகளை இறுக்கிவிடக்கூடிய பிறேக் ஏற்கெனவே இருக்குமாயின், தட்டை மாற்றுவதால் ஒருமுறை நிற்கும் தூரம் குறையாது. அதனைத் தீர்மானிப்பது ரயரின் பிடிப்பு. கடும் ஓட்டத்தில் மிதி மெத்தெனத் தாழ்ந்தால், பெரும்பாலும் பிறேக் எண்ணெய் கொதித்ததே காரணம். ஈரம் உறிஞ்சிய பழைய எண்ணெய் விரைவிற் கொதிக்கும். ஆதலால் முதற்செலவு நல்ல பட்டைக்கும் புதிய எண்ணெய்க்கும் உரியது.

துளையிட்ட தட்டை ஏற்கெனவே பொருத்தியவர்கள், ஒவ்வொரு பந்தய நாளின் பின்னரும் துளைகளின் ஓரங்களை நல்ல வெளிச்சத்திற் பார்வையிடுதல் வேண்டும். வெடிப்பு ஒரு துளையிலிருந்து மறு துளைக்கு ஓடியிருந்தாலோ, தட்டின் விளிம்பைத் தொட்டிருந்தாலோ, அத்தட்டைக் கழற்றிவிட வேண்டியதுதான்.