கூரைமேல் வயலின்: ஒரு பாட்டும் பல குரல்களும்

(பெற்றோரும் இளையோரும் கூடிய நிகழ்வொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நம் பிள்ளைகள் மேடையில் பாடி முடித்ததும் மண்டபத்தின் பின்வரிசைகளில் ஒரு விவாதம் எழுவதை நீங்கள் அறிவீர்கள். "இசைத்தட்டில் கேட்டது போல் இல்லையே" என்பார் ஒருவர். "உச்சரிப்புச் சரியில்லை" என்பார் மற்றொருவர். "பிள்ளை உணர்ந்து பாடியதே, அது போதாதா?" என்பார் மூன்றாமவர். இதே விவாதத்தை உலகெங்கும் சிதறி வாழும் யூத மக்கள் 60 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே நாடகத்தைச் சுற்றி நடத்தி வருகின்றனர். அந்நாடகத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

'ஃபிட்லர் ஒன் த ரூஃப்', அதாவது 'கூரைமேல் வயலின் வாசிப்பவன்' என்னும் இசை நாடகம், 1964 ஆம் ஆண்டு நியூயோர்க்கின் புரோட்வேயில் மேடையேறியது. யிட்டிஷ் எழுத்தாளர் சோலம் அலைக்கம் படைத்த பால்காரன் தெவ்யாவின் கதைகளே அதற்கு மூலம். ஜெரி பொக் இசையமைத்தார்; ஷெல்டன் ஹார்னிக் பாடல்களை எழுதினார். 1905 அளவில், ரஷ்யப் பேரரசின் சிற்றூர் ஒன்றில் கதை நிகழ்கின்றது. தெவ்யாவின் மூன்று புதல்வியர் தத்தம் துணையைத் தாமே தேர்ந்துகொள்கின்றனர். இறுதியில் அரசாணை ஒன்றினால் யூதர்கள் அனைவரும் ஊரைவிட்டு வெளியேற்றப்படுகின்றனர். நமக்கு விளக்கவுரை தேவைப்படாத கதை இது.

தான் செல்வந்தனானால் என்னவெல்லாம் செய்வேன் என்று தெவ்யா பாடும் பாட்டு உலகப் புகழ் பெற்றது. முதல் தெவ்யாவாக நடித்த சீரோ மொஸ்டெல் நகைச்சுவைக் கலைஞர். அப்பாட்டால் அரங்கைக் குலுங்கச் சிரிக்க வைத்தவர். ஆயினும் பாட்டின் இறுதியில், வழிபாட்டில் அமரவும் கற்றறிந்தோருடன் மறைநூலை ஆராயவும் ஓய்வு கிடைக்குமே என்று தெவ்யா ஏங்கும் பகுதி மிகவும் கனமாக உள்ளதெனக் கருதி, படைப்பாளிகள் அதனை நீக்க எண்ணினர். தெவ்யாவின் உள்ளமே அதில்தான் இருக்கின்றது என்று மறுத்து நின்றவர் மொஸ்டெல். சிரிக்க வைத்தவரே அப்பாட்டின் கண்ணீரைக் காத்தார்.

1971 இல் வெளிவந்த திரைப்படத்தில் இஸ்ரேலிய நடிகர் தொப்பொல் அதே பாட்டை ஆழ்ந்த குரலில், அடக்கத்துடன் பாடினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 35. இவ்விருவரில் யார் மெய்யான தெவ்யா என்று சுவைஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். 2004 ஆம் ஆண்டு மீள்மேடையேற்றத்தில் யூதரல்லாத அல்பிரட் மொலினா தெவ்யாவாகத் தோன்றியபோது, யூத மணம் குன்றிவிட்டது எனச் சிலர் குறைகூறினர். மனிதர் அனைவருக்கும் பொதுவான கதையன்றோ எனப் பிறர் விடையிறுத்தனர். 2015 ஆம் ஆண்டு மேடையேற்றத்தில் டானி பேர்ஸ்டீன் இக்காலத்துச் சிவப்பு மேலங்கியுடன் தோன்றி, முடிவில் ஊரைவிட்டுச் செல்லும் அகதிகளின் வரிசையில் தாமும் இணைந்தார். பாடல்கள் மாறவில்லை, கேட்போருக்கு அவை அன்றைய அகதிகளின் பாடல்களாயின.

இன்னொரு பாட்டையும் சொல்லவேண்டும். மணமாகி 25 ஆண்டுகளின் பின் தெவ்யா, தன்மீது அன்புண்டா என்று மனைவி கோல்டாவிடம் கேட்கின்றான். அவளோ இத்தனை ஆண்டுகள் செய்த வீட்டு வேலைகளையே விடையாக அடுக்குகின்றாள். அதை எரிச்சலோடு பாடுவதா, நாணத்தோடு பாடுவதா, களைப்போடு பாடுவதா? ஒவ்வொரு நடிகையின் தெரிவும் ஒவ்வொரு திருமணத்தை நமக்குக் காட்டும். அன்பை வாயால் சொல்லிப் பழகாத நம் வீடுகளில் வளரும் இளையோர் இப்பாட்டைக் கட்டாயம் கேட்கவேண்டும்.

இனி முதன்மையான செய்திக்கு வருகின்றேன். தெவ்யா பேசிய மொழி யிட்டிஷ். இனவழிப்பில் கொல்லப்பட்ட 60 இலட்சம் யூதரில் பெரும்பாலோர் அம்மொழி பேசியவர்களே. நாடகமோ ஆங்கிலத்தில் பிறந்தது. சிராகா பிறீட்மன் என்னும் நடிகர் 1965 இல் இஸ்ரேலில் அதனை யிட்டிஷில் பெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்பை 2018 இல் நியூயோர்க்கின் ஃபோக்ஸ்பீனா என்னும் யிட்டிஷ் நாடக நிறுவனம் ஜோயல் கிறேயின் நெறியாள்கையில் மேடையேற்றியது. தெவ்யாவாக ஸ்டீவன் ஸ்கைபெல் நடித்தார். நடிகர்களுள் பெரும்பாலோர் யிட்டிஷ் அறியாதவர்கள். நெறியாளரும் அம்மொழியில் தேர்ந்தவரல்லர். அவர்கள் ஒவ்வொரு சொல்லின் ஒலியையும் பொருளையும் கற்றனர். செல்வந்தன் பாட்டில், சோலம் அலைக்கத்தின் பழைய படைப்பொன்றில் வரும் 'ரொத்ஷைல்ட்' என்ற பெயர் மீண்டும் ஒலித்தது. மேடையின் பின்திரையில் 'தோரா' என்னும் மறைநூற்பெயர் எழுதப்பட்டிருந்தது. வன்முறைக் கும்பல் கிழித்த அத்திரை, பிற்பாதியில் தைக்கப்பட்டுத் தொங்கியது. தையல் மறைக்கப்படவில்லை. சில வாரங்களுக்கெனத் தொடங்கிய அந்நாடகம் பெரிய அரங்குக்கு மாறி, 2020 சனவரி வரை நடைபெற்றது.

பெற்றோர்களே, நம் பிள்ளைகளின் தமிழிலும் தையல் தெரியும். அதற்காக வெட்கப்படவேண்டாம். பழைய இசைத்தட்டை அளவுகோலாக்கி அவர்களின் வாயை அடைத்துவிடாதீர்கள்.

இளையோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பாட்டை எழுதிவைத்து, பொருள் அறியாமல் ஒப்பிக்காதீர்கள். பொருள் அறிந்தவரே ஒரு பாட்டைத் தம் விருப்பப்படி வேறுவிதமாகப் பாட முடியும். அறியாதவர் பிழையாகத்தான் பாட முடியும்.

மேடை மட்டும் ஒரு மொழியைக் காத்துவிடாது என்பதையும் மறக்கலாகாது. நாடகம் முடிந்து அந்நடிகர்கள் ஆங்கிலம் பேசும் வீடுகளுக்கே திரும்பினர். நம் வீடுகளிலோ பாட்டின் பொருளைக் கேட்டறியத் தாய் தந்தையர், பாட்டன் பாட்டியர் இன்னும் இருக்கின்றனர். இன்றிரவு ஒரு பாட்டை எடுத்து, ஒவ்வொரு சொல்லாகக் கேளுங்கள். பிறகு உங்கள் குரலில் பாடுங்கள். பின்வரிசையினர் விவாதிக்கட்டும். விவாதிக்க யாருமில்லாத நாளுக்குத்தான் நாம் அஞ்சவேண்டும்.