வெயிலில் உழைப்போரும் அவர்தம் சிறுநீரகமும்

(விழா அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மகாவீரர் பிறந்தநாள் விழா ஆண்டுதோறும் பங்குனியிலோ சித்திரையிலோ வருகிறது. வந்தவாசி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வெயில் முதிரத் தொடங்கும் காலம் அது. விழாவிற்குப் பந்தல் கட்டுவோர், ஜினாலயத் திருப்பணிக்குச் சாரத்தின்மேல் நிற்கும் கொத்தனார், கொல்லையில் மல்லாட்டை பறிக்கும் பெண்கள், கரும்பு வெட்டும் ஆள்கள் ஆகிய அனைவரும் அவ்வெயிலில்தான் நிற்கின்றனர். மயங்கி விழுந்தால் ஊரார் ஓடி வருவர். மயங்கி விழாமல், வலியும் காட்டாமல், ஆண்டுக்கு ஆண்டு சிறுகச் சிறுக உள்ளுக்குள் நேரும் கேடு ஒன்று உண்டு. அதனைப் பற்றியதே இவ்வுரை.

இக்கேடு முதன்முதலில் பெருமளவில் உணரப்பட்ட இடம் நடு அமெரிக்கா. எல் சால்வடோர் நாட்டுத் தலைநகரிலுள்ள ரோசாலெஸ் மருத்துவமனையின் மருத்துவர்கள் 2002ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த நிலையில் தம்மிடம் வந்தவருள் பெரும்பகுதியினர்க்கு நீரிழிவும் இல்லை. இரத்தக் கொதிப்பும் இல்லை. வழக்கமான காரணம் எதுவும் அவர்களிடம் காணப்படவில்லை. அவருட் பெரும்பாலோர் ஆடவர். கடற்கரையை ஒட்டிய தாழ்நிலங்களில் வயல்வேலை செய்தவர். நிகராகுவா நாட்டில் சிச்சிகால்பா என்னும் கரும்பூரிலும் இதுவே நிலை. அவ்வூரை அடுத்து 'தீவு' என்னும் பெயருடைய ஒரு குடியிருப்பு உண்டு. கரும்பு வெட்டிய ஆடவர் பலர் நடுவயதிற்குள் மாண்டமையால், அக்குடியிருப்பிற்குக் 'கைம்பெண்டிர் தீவு' என்றே பெயர் வழங்கலாயிற்று. ஓர் ஊருக்கு இப்படியொரு பெயர் வாய்க்க வேண்டுமாயின் எத்தனை வீடுகளில் அழுகுரல் எழுந்திருக்க வேண்டும்!

பூச்சிமருந்தே காரணம் எனப் பலர் முதலில் கருதினர். அவ்வையம் இன்றும் முற்றாக நீங்கவில்லை. ஆயினும் எல் சால்வடோரில் நடந்த மற்றோர் ஆய்வு வேறொரு திசையைக் காட்டிற்று. கடலோரத் தாழ்நிலத்தில் கரும்பிலும் பருத்தியிலும் உழைத்தவரிடம் சிறுநீரகப் பழுது மிகுந்திருந்தது. அதே கரும்பை, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் வெப்பம் சற்றுத் தணிந்த இடத்தில் பயிர்செய்தவரிடமும், மலைமேல் காப்பித் தோட்டத்தில் உழைத்தவரிடமும் அந்த மிகுதி இல்லை. பயிர் ஒன்றே, மாறியது வெப்பம். வெப்பமும், அவ்வெப்பத்தில் செய்யும் கடும் உழைப்பும் கூடும்போதுதான் கேடு விளைகிறது என்னும் கருத்து அங்கிருந்தே வலுப்பெற்றது.

சிறுநீரகம் இவ்வளவு எளிதில் தாக்குறுவது ஏன்? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவிற்கு வடித்தெடுத்து, அதில் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் கழிவாக வெளியேற்றி, எஞ்சியதை இரத்தத்திற்கே திருப்பித் தருகின்றன. நீரை வடிகட்டிப் பருகும் வழக்கத்தை நோன்பாகப் போற்றும் குடும்பத்தார்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. இப்பெரும் பணிக்காக, இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் சிறுநீரகங்களுக்கே செல்கிறது.

வெயிலில் மண்வெட்டி பிடிப்பவர் உடலில் நடப்பதை எண்ணிப் பார்க்கலாம். உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கிப் பாய்கிறது. உழைக்கும் தசைகளும் இரத்தம் கேட்கின்றன. வியர்வையாக நீரும் உப்பும் வெளியேறுகின்றன. ஆகவே சிறுநீரகத்திற்குச் செல்லும் பங்கு குறைகிறது. எஞ்சிய நீரைக் காக்கும் பொருட்டுச் சிறுநீரகம் சிறுநீரை மேன்மேலும் அடர்த்தியாக்க முயன்று தன்னையே வருத்திக்கொள்கிறது. மிகைப்பட்ட உழைப்பால் தசைகளிலிருந்து சிதைந்து வரும் பொருள்களையும் அதுவே சுமக்கிறது. ஒரு நாள் இவ்வாறு நேர்ந்தால், இரவு உறங்கி எழுந்ததும் பெரும்பாலும் தேறிவிடும். அறுவடைக் காலம் முழுதும் நாள்தோறும் நேர்ந்தால் தேறுவதற்கு இடமில்லாமல் தழும்பு விழுகிறது. சிறுநீரகத்தில் பெரும்பகுதி கெடும்வரை உடலில் ஒரு குறியும் தோன்றாது என்பதே இதன் கொடுமை.

மாலையில் உடம்புவலி என்று கடைக்குச் சென்று மாத்திரை வாங்கி விழுங்குவது நம் ஊர்களில் அன்றாடக் காட்சி. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலிமாத்திரைகள் சிறுநீரகத்திற்குள் இரத்தம் செல்லும் வழியைச் சுருக்குபவை. நீர் வற்றிய உடலில் அவை இரட்டிப்புத் தீங்கு. தாகத்திற்குக் குளிர்பானப் புட்டியைத் திறப்பதும் நன்றன்று. வெப்பத்தில் உழைத்தவர்க்கு இனிப்பூட்டிய குளிர்பானம் கொடுத்து ஆராய்ந்தபோது, தண்ணீர் பருகியபோது காணாத சிறுநீரக நலிவின் அடையாளங்கள் காணப்பட்டன. ஆள்களுக்குக் 'கலர்' வாங்கித் தருவதைப் பெருந்தன்மையாகக் கருதும் நிலக்கிழார் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். மோர் அதனினும் மலிவு.

இனி, தடுக்க முடியுமா என்னும் வினா. முடியும் என்பதற்கும் அந்நாடுகளே சான்று. எல் சால்வடோரில் 2014-15 அறுவடையில் கரும்பு வெட்டுவோர்க்கு முதுகில் சுமக்கும் மூன்று லிட்டர் நீர்ப்பையும், வயலோடு இடம்பெயரும் நிழற்கூடாரமும், நேரம் குறித்த ஓய்வும், செம்மையான வெட்டுக்கத்தியும் தரப்பட்டன. ஓய்வு கொடுத்தால் வேலை குறையும் என்று எல்லாரும் அஞ்சினர். நடந்தது வேறு. ஆள் ஒருவர் நாளொன்றுக்கு வெட்டிய கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக உயர்ந்தது. கத்தியின் சீர்மைக்கும் இதிற் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் ஓய்வால் விளைச்சல் கெடும் என்ற அச்சம் அடிப்படையற்றது என்பது தெளிவாயிற்று.

இதனினும் கருதத்தக்கது நிகராகுவாவின் பட்டறிவு. அங்கே ஓர் ஆலையில் நீரும் நிழலும் முன்பே தரப்பட்டு வந்தன. ஆயினும் ஓர் அறுவடைப் பருவத்திற்குள் எரித்த கரும்பை வெட்டுவோருள் நூற்றுக்கு 27 பேர்க்குச் சிறுநீரகம் ஊறுபட்டது. மறு ஆண்டில் ஓய்வு மிகுவிக்கப்பட்டது. வேலையின் சுமை குறைக்கப்பட்டது. நூற்றுக்கு 27 என்பது 7 ஆயிற்று. களத்தில் ஒரு பானைத் தண்ணீர் வைத்தாயிற்று, கடமை முடிந்தது என்று எண்ணுவார்க்கு இதிற் பாடம் உண்டு. உடலுக்குள் எரியும் சூட்டைக் குறைப்பது ஓய்வு. தண்ணீர் அதற்குத் துணை. ஓய்வின்றித் தண்ணீர் மட்டும் கொடுப்பது, அடுப்பை அணைக்காமல் உலைக்கு நீர் வார்ப்பது போன்றது.

இவை தொலைநாட்டுச் செய்திகள் என்று ஒதுக்குவதற்கும் இல்லை. இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்ட உழவரிடமும், ஆந்திரத்து ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியினரிடமும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பல்லாண்டுகளாக உள்ளது. அவ்விடங்களில் குடிநீரின் தன்மை பற்றிய ஐயமும் வலுவாக உண்டு. தமிழகத்து உப்பளத் தொழிலாளரைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர் ஆராய்ந்தபோது, பதின்மரில் ஒன்பதின்மர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பது தெரியவந்தது. சிலரிடம் சிறுநீரகச் செயல் குன்றியும் இருந்தது. திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணத்து உப்பளங்கள் எத்தனை தொலைவில் உள்ளன? தமிழ்நாட்டு அரசு 2024ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததும் காரணமின்றி அன்று.

'எங்கள் பாட்டனார் காலத்தில் ஆள்கள் வெயிலில் உழைக்கவில்லையா?' என்று கேட்போர் உண்டு. உழைத்தனர். ஆனால் விடியுமுன் ஏர் பூட்டி உச்சிக்கு முன் அவிழ்த்தனர். நீராகாரமும் கூழும் மோரும் அவர்களுக்கு உப்பையும் நீரையும் ஒருங்கே தந்தன. வரப்போரத்தில் புளியமரமும் புங்கமரமும் இருந்தன. அக்காலத்தை அளவிறந்து புகழவும் வேண்டா. கால் வீங்கி, முகம் ஊதி மாண்டவரைச் 'சோகை' என்றோ 'நீர்க்கோவை' என்றோ கூறி எரித்துவிட்டனர். காரணம் கேட்பார் இல்லை. இன்றைய வேறுபாடு குத்தகைக் கூலியில் உள்ளது. டன்னுக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், நிழலில் அமரும் ஒவ்வொரு நொடியும் தன் கூலியிலிருந்து கழிவதாக உழைப்பவருக்குத் தோன்றுகிறது. தளம் போடும் நாளில் கலவை இயந்திரம் நிற்காது. ஆகவே சித்தாளும் நிற்பதில்லை.

இவ்விடத்தில் நூல் ஒன்றை நினைவூட்டுதல் தகும். உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல் என்பன மூன்று. அளவிற்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதல் நான்காவது. உணவையும் நீரையும் தடுத்தல் ஐந்தாவது. வண்டி மாட்டையும் ஏர் மாட்டையும் மனத்திற்கொண்டே இவற்றை விளக்குவது வழக்கம். மாடு இன்று குறைந்துவிட்டது, அதிசாரம் குறைந்துவிட்டதா? இன்று எவரும் தம் ஆளுக்குத் தண்ணீரைத் தடுப்பதில்லை. ஆனால் கூலி பேசிய முறையே அவரைத் தண்ணீரிடம் செல்லவிடாமல் தடுக்குமாயின், அந்தத் தடை யாருடையது? வேலைநேரத்தை வகுத்தவருக்கு அதிற் பங்கில்லை என்று சொல்ல நூல் இடம் தருமா என்பதை அறிந்தோர் ஆராய்க.

பெண்களின் துன்பம் தனியே சொல்லத்தக்கது. கொல்லையிலும் கட்டடத்திலும் ஒதுங்க இடமில்லாமையால், காலைமுதல் தண்ணீரே குடியாமல் இருந்துவிடும் பெண்கள் எண்ணிலர். அவர்கள் முன் எத்தனை குடம் நீர் வைத்தாலும் பயனில்லை. நான்கு கழியும் ஒரு பழைய கோணியும் கொண்டு மறைப்பு அமைப்பதற்கு ஆகும் செலவு என்ன? கழிப்பிடம் இல்லாத இடத்தில் தண்ணீர் தந்ததாகக் கணக்கெழுதக் கூடாது.

செய்யத்தக்கவை கடினமானவையும் அல்ல. கடும் வெயிலில் உழைப்பவர் 15 அல்லது 20 நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது கால் லிட்டர் அளவு, பருக வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கலாகாது. ஒரே மூச்சில் பேரளவு குடிப்பதும் தவறு. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. நெடுநேரம் வியர்ப்பவர்க்கு மோரோ நீராகாரமோ உதவும். ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் தலைதட்டிக் கலந்த நீரும் ஆகும். சிறுநீரகம் முன்பே நலிந்தவர் இளநீரை மருத்துவரைக் கேட்டே பருக வேண்டும். அதிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்குத் தீங்காகலாம். வீட்டாருக்கு வடிகட்டிக் காய்ச்சிய நீர், களத்து ஆள்களுக்கு மோட்டார்த் தொட்டி நீர் என்ற வேற்றுமை எந்த வீட்டில் இருப்பினும் அது நீங்கட்டும்.

புதிதாக வெயில் வேலைக்கு வருபவரை முதல்நாளே முழுவேலை வாங்கலாகாது. முதல்நாள் ஐந்தில் ஒரு பங்கு, பின் நாள்தோறும் ஒவ்வொரு பங்கு கூட்டுவது முறை. ஊருக்குச் சென்று சில வாரம் கழித்துத் திரும்பியவர்க்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்க்கும் உடல் மீண்டும் பழகவேண்டும். பேசிய கூலியில் ஓய்வுநேரத்தையும் சேர்த்தே பேசினால், உழைப்பவர் அமரத் தயங்கமாட்டார்.

இறுதியாகச் சோதனை பற்றி ஒரு சொல். சிறுநீரில் புரதம் உள்ளதா என்று பார்க்கும் எளிய சோதனை நீரிழிவுக்காரர்க்குப் பயன்படுவது. வெப்பத்தால் நேரும் இந்நோயில் புரதம் பெரும்பாலும் மிகுதியாக வெளிப்படுவதில்லை; அச்சோதனையில் 'நலம்' என்று வந்தவரே நோயாளியாக இருக்கக் கூடும். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பதே துணை. அறுவடை தொடங்குமுன் ஒருமுறையும், முடிந்தபின் ஒருமுறையும் பார்த்து, இரண்டையும் ஒரே சீட்டில் எழுதி வைத்தல் வேண்டும். எண் ஏறியிருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். இறங்காவிடில் அவரை வெயில் வேலையிலிருந்து விலக்கி நிழல்வேலை தரவேண்டும். ஊர்தோறும் ஆண்டுக்கு ஒருமுறை கண் சிகிச்சை முகாம் நடத்தும் அறக்கட்டளைகள், சித்திரையில் ஒரு நாளும் ஆடியில் ஒரு நாளும் இதற்கென ஒதுக்குதல் இயலும்.